நான்காம் நாளின் கையொப்பம்

அனுப்புநர்:
ஹேதல் தோஷி
(நோயாளி நிர்மலாபேனின் மகள்)
பெண்கள் பிரிவு, கட்டில் 17

பெறுநர்:
கண்காணிப்பாளர் அவர்கள்
புற்றுநோய் மருத்துவமனை, ராய்சர், குஜராத்

பொருள்: ரத்தத்தில் சோடியம் குறைந்திருந்த நிலையில் என் தாயிடம் பெற்ற சிகிச்சை மறுப்புப் படிவத்தை ரத்து செய்து, இன்றே ரத்தப் பரிசோதனை செய்யக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் தாய்க்கு வயது 61. நுரையீரல் புற்றுநோய். இம்மாதம் 9ஆம் தேதி முதல் இங்கே இருக்கிறார். 15ஆம் தேதி, சமணர்களான எங்கள் சைத்ர நோன்பு தொடங்கியது. ஒன்பது நாள், ஒருவேளை உணவு, உப்பு கிடையாது. கட்டிலிலும் அவர் அதை விடவில்லை. காய்ச்சி ஆறிய நீரை நிறையக் குடித்தார். உணவைப் பற்றி மருத்துவர்கள் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. அது எங்கள் தவறு.

2. என் தாய் வாயாடி. செவிலியர் லீனாவிடம், “ஊசி போடுறியா, எம்பிராய்டரி பண்றியா?” என்பார். நோன்பின் மூன்றாம் நாள் வாந்தி. நான்காம் நாள் காலை அமைதியானார். வலியே இல்லை என்றார். என்னை ‘நீங்க’ என்று அழைத்தார். “நான் போயாச்சு. நீங்கெல்லாம் ஏன் இன்னும் உக்காந்திருக்கீங்க?”

3. மாமா கீர்த்திபாய் கைகூப்பினார். “அக்கா சந்தாரா கேக்குறாங்கடி. இந்த பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?” விழிப்போடு சாவை ஏற்கும் உண்ணாநோன்பு அது. நானும் விழுந்து வணங்கினேன். பணி மருத்துவர் பெயர் கேட்டார், ஊர் கேட்டார், சிகிச்சை வேண்டுமா என்று கேட்டார். மூன்றுக்கும் பதில் வந்தது. ‘தெளிவாக உள்ளார்’ என்று எழுதி, சிகிச்சை மறுப்புப் படிவத்தில் என் தாயிடம் கையொப்பம் வாங்கினார். மருந்தேற்றத்துக்குப் பின் என் தாயின் கை நடுங்கும். படிவத்தில் உள்ள கையொப்பத்தில் நடுக்கம் இல்லை.

4. அன்று காலை எடுத்த ரத்தத்தின் முடிவு மாலையில் வந்தது. சோடியம் 113. குறைந்தது 135 இருக்க வேண்டும். இவ்வளவு குறைந்தால் நினைவு குழம்பும் என்றார்கள். படிவம் இருந்தும் மருத்துவர் ஒருவர் உடனே உப்புநீர் ஏற்றினார், மெல்ல, இரண்டு நாள். 20ஆம் தேதி 129.

5. அன்று என் தாய் கண் விழித்தார். காலடியில் கும்பிட்டு நின்ற உறவினர்களைப் பார்த்தார். “யாருக்கு என்ன ஆச்சு?” அவர் சந்தாரா கேட்டதைச் சொன்னேன். “நானா? நான் எப்போடீ சொன்னேன்? எனக்குச் சாகுற அவசரம் ஒண்ணும் இல்ல.” எங்கள் பெண் துறவியான சாத்வியிடமும் கேட்டேன். “சுயநினைவோட சொன்னாத்தான் அது விரதம்மா. முதல்ல வைத்தியத்தப் பாருங்க” என்றார்.

6. படிவத்தை ரத்து செய்யும் அதிகாரம் தங்களுக்கே உண்டு என்றார்கள். மறுநாள் மகாவீர் ஜயந்தி விடுமுறை. அன்றுதான் பணி மாறி வந்த மருத்துவர் கோப்பில் படிவத்தைப் பார்த்து உப்புநீரை நிறுத்தினார். இனி ரத்தமும் எடுப்பதற்கில்லை என்றார்.

7. இன்று காலை முதல் என் தாய்க்கு வலி இல்லை. உறவினர்கள் வரிசையில் நிற்கிறார்கள். எல்லோரையும் ஆசீர்வதிக்கிறார். யாரென்று கேட்காமல் என்னையும் ஆசீர்வதித்தார்.

ஆகவே, இப்போது கட்டில் 17இல் இருப்பவரிடம் தாங்கள் எதுவும் கேட்க வேண்டாம். கேட்டால் தெளிவாகப் பதில் சொல்வார். இன்று நண்பகலுக்குள் ரத்தம் எடுத்து, சோடியத்தை உயர்த்த உத்தரவிடுங்கள். என் தாய் வந்த பிறகு அவரிடம் கேளுங்கள். அவரும் வேண்டாம் என்றால், சாட்சியாக நானே கையொப்பமிடுகிறேன்.

இடம்: ராய்சர்
நாள்: 22.04.2024, காலை 9.40

இப்படிக்கு,
ஹேதல் தோஷி