அத்தை செய்த தைசோ

1944 பிப்ரவரி 9

காலையில் தைசோ. தோக்கியோ நேரப்படி ஏழரை மணி என்கிறார்கள்; நம் ரப்பர் தோட்டத்தில் அப்போதுதான் கோழி கூவுகிறது. பள்ளிக்கூடத் திடலில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, ஜப்பான்காரன் கற்றுக்கொடுத்த உடற்பயிற்சியை அவன் மொழியிலேயே எண்ணிச் செய்யவேண்டும். இச்சி, நீ, சான், ஷி. முன்னால் நின்று செய்து காட்டுவது என் வேலை.

குதிக்கும் கட்டம் வந்தபோது நெஞ்சு திடீரென்று தானாக ஓட ஆரம்பித்தது. வேகமாக அடித்தது என்று சொன்னால் போதாது. கூடைக்குள் கவிழ்த்த கோழி மாதிரி அடித்துக்கொண்டது. கண் இருட்டியது. கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு எண்ணிக்கையை மட்டும் விடாமல் சொன்னேன். பிள்ளைகள் குதித்துக்கொண்டே இருந்தார்கள். பிறகு மெல்ல அடங்கியது.

அத்தையிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன? மகனை மயக்கிக் கல்யாணம் செய்துகொண்ட பத்து பாகாட் ஊர்க் கடைக்காரன் மகள் - அவருக்கு நான் அவ்வளவுதான். மனோகரனை சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோன பிறகு இந்தத் தொழிலாளர் லயத்து வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். ஒரே அடுப்பு. பேச்சு மட்டும் இல்லை.

பிப்ரவரி 12

இன்றும் வந்தது.

பிப்ரவரி 20

பயமாக இருக்குமோ? எல்லோருக்கும்தான் பயம். எல்லோருக்குமா இப்படி ஓடுகிறது?

புகை வீட்டு வாசலில் நின்று மனோகரன் முதன்முதலாக என்னிடம் பேசியபோதும் நெஞ்சு இப்படி அடித்தது. ரப்பர் ஷீட்டுப் புகை நாற்றம் அவர் சட்டையெல்லாம். "டீச்சர், உங்க பேரு செல்வராணிதானே?" என்றார். தெரிந்துகொண்டேதான் கேட்டார். அந்தப் படபடப்பில் ஒரு சுகம் இருந்தது. இதில் இல்லை.

மூன்று மாத வேலை என்று சொல்லி அழைத்துப் போனார்கள்.

மார்ச் 3

தண்ணீர்க் குழாயிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் இரண்டு தடவை உட்கார வேண்டியிருந்தது. கால் வீங்கி, மெட்டி இறுகுகிறது.

குழாயடியில் வெள்ளையம்மா எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "டீச்சரம்மாவுக்கு மூச்சு வாங்குது, காலு வீங்குது. புருஷன் போயி பத்து மாசம் ஆச்சே லா."

அத்தையும் அங்கேதான் நின்றார். ஒரு வார்த்தை சொல்லாமல் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டார்.

அவங்களும் அப்படித்தான் நெனைக்கிறாங்களா? சாமி, நான் எப்படி இதைச் சொல்லுவேன், யாருகிட்ட சொல்லுவேன்.

மார்ச் 4

விடிந்ததும் அத்தை ரப்பர் பால் வெட்டப் போகவில்லை. "புடவைய மாத்து. ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றார்.

நான் பின்னால் நடந்தேன். நேர்வழியை விட்டுக் குழாயடி வழியாகப் போனார். அங்கே நின்றார்.

"வெள்ளையம்மா, என் மருமகளுக்கு ஒடம்பு சரியில்ல. டிரஸர்கிட்ட கூட்டிக்கிட்டுப் போறேன். என்ன சீக்குன்னு வந்து சொல்றேன். அதுவரைக்கும் வாயில தண்ணிய ஊத்தி வச்சுக்க."

கத்தவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் டிரஸர் லெட்சுமணன் என் முழங்காலுக்குக் கீழே கட்டை விரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் பிசைந்த மாவில் விழுந்தது போல அந்தக் குழி அப்படியே இருந்தது. நெஞ்சில் குழல் வைத்து வெகுநேரம் கேட்டார்.

"பெரிபெரி. தீட்டின அரிசியும் மரவள்ளியும் தின்னா வேற என்ன வரும்? இப்ப நெஞ்சைப் பிடிச்சிருக்கு. ஊசி மருந்தெல்லாம் கண்ணால பார்த்தே ரொம்ப நாளாச்சு. தவிடு கெடச்சா குடுங்க. குதிக்கக் கூடாது, மேடு ஏறக் கூடாது. இப்படியே விட்டா ஓடிக்கிட்டே இருந்து ஒருநாள் நின்னுடும்."

"பொண்ணு பொழைப்பாளா?" என்று அத்தை கேட்டார்.

பொண்ணு. என்னைத்தான்.

மார்ச் 7

தலைமையாசிரியர் ராமச்சந்திரனிடம் தைசோவிலிருந்து விலக்குக் கேட்டேன். அவர் நல்லவர், ஆனால் அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். "மாசக் கடைசியில ஜப்பான் அதிகாரி பார்வைக்கு வர்றாரு டீச்சர். அதுவரைக்கும் நீங்க உக்காந்தே எண்ணுங்க, நான் பார்த்துக்கிறேன். ஆனா அன்னைக்கு மட்டும் முன்னால நின்னு செஞ்சிடணும். முடியலைன்னா வேற ஆளைப் போட்டுடுவாங்க. உங்க அரிசிச் சீட்டும் போயிடும்." சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

வேலை இல்லாத ஆளை எங்கே அனுப்புவார்கள் என்று எங்கள் இருவருக்குமே தெரியும்; சயாம் ரயில் பாதைக்குத்தான்.

மார்ச் 11

அத்தை மத்தியானமே பால் வாளியைக் கழுவி வைத்துவிட்டு எங்கோ போய்விடுகிறார். இன்றுதான் தெரிந்தது. ஆற்றுக்கு அந்தப்பக்கம் மலாய்க்காரர் கிராமமான கம்பத்தில் ஒரு வீட்டில் நெல் குத்திக் கொடுக்கிறார். கூலியாக அரிசி வேண்டாம், தவிடு போதும் என்று கேட்டு வாங்கி வருகிறார். தவிடு கோழிக்கு வேண்டுமே என்று அந்த வீட்டுப் பெண் முதலில் தயங்கினாளாம். "அனாக் சாக்கிட்" என்று அத்தை தனக்குத் தெரிந்த மலாயில் சொல்லியிருக்கிறார், பிள்ளைக்கு நோய் என்று. அவள் ஒரு துண்டு பனைவெல்லமும் சேர்த்துக் கொடுத்து அனுப்பியிருக்கிறாள்.

சலித்து, வறுத்து, வெல்லம் போட்டு உருண்டை பிடித்தார். தொண்டையில் மணல் போல இறங்கியது.

"மாட்டுத் தீனின்னு நெனைக்காத. முழுங்கு." நான் முடிக்கும் வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

"நீங்களும் ஒண்ணு சாப்பிடுங்கத்தை."

"என் நெஞ்சு கல்லு. அது எங்க ஓடப் போவுது" என்றார். ஆனாலும் என் கையிலிருந்து பாதியை வாங்கிக்கொண்டார்.

மார்ச் 22

நேற்றும் இன்றும் மூச்சு கொஞ்சம் இலேசாக இருக்கிறது. கால் வீக்கம் அப்படியேதான். அதிகாரி வரும் நாள் நெருங்குகிறது.

மார்ச் 30

இன்று நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

அதிகாரி வாளோடு வந்து திடல் ஓரத்தில் நின்றார். நான் முன்னால் போய் நின்றேன். குதிக்கும் கட்டம் வரை எப்படியும் தாக்குப்பிடிக்கலாம், பிறகு விழுந்தால் விழட்டும் என்று நினைத்துக்கொண்டேன். அப்போது அத்தை வேலி ஓரத்திலிருந்து விறுவிறுவென்று வந்தார். புடவையை முழங்காலுக்கு மேல் வரிந்து கட்டியிருந்தார். என் பக்கத்தில் வந்து நின்று, உதடு அசையாமல் சொன்னார்: "நீ எண்ணு. நான் குதிக்கிறேன்."

தலைமையாசிரியரின் முகம் சாம்பலாகிவிட்டது. நான் எண்ணினேன். வேறு என்ன செய்ய?

அத்தை கையைத் தூக்கினார், இறக்கினார், குனிந்தார், நிமிர்ந்தார். தினமும் பால் வாளியோடு திடல் ஓரமாகப் போகும்போது பார்த்திருக்கிறார் போல. வலது இடது மட்டும் மாறிப்போனது. பிள்ளைகள் சிரிப்பை அடக்க முடியாமல் கன்னத்தை உள்ளே கடித்துக்கொண்டார்கள். குதிக்கும்போது காலில் கிடந்த தண்டை குலுங்கியது. என் இச்சி, நீ, சான் எல்லாம் அந்தச் சத்தத்தில் கலந்து போயின.

அதிகாரி ஏதோ கேட்டார். தலைமையாசிரியர் மலாயில் தடுமாறி, டீச்சரின் தாய் என்றும், தோட்டத்துத் தாய்மார்களும் இப்படிப் பழகுகிறார்கள் என்றும் சொன்னார். அதிகாரி அத்தையை வெகுநேரம் பார்த்தார். அடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். தலையை அசைத்தார். நல்லது, நாளை முதல் எல்லாத் தாய்மார்களும் வரட்டும் என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து அத்தை சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினார். "இதையா தினம் தினம் செஞ்ச? நெஞ்சு ஓடாம என்ன செய்யும்."

நான் சிரித்தேன். பிறகு அழுதேன். அவர் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

ஏப்ரல் 2

தைசோவில் முதல் வரிசையில் வெள்ளையம்மா. அத்தைக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஏப்ரல் 24

சாயங்காலமானால் அத்தை என் காலைத் தன் மடியில் எடுத்து வைத்து அழுத்திப் பார்ப்பார், டிரஸர் செய்தது போலவே. இன்று குழி விழவில்லை. இரண்டாம் தடவையும் அழுத்தினார். விழவில்லை. "ம்" என்றார். கையை உடனே எடுக்கவில்லை.

நெஞ்சு ஓடியே பல நாள் ஆகிவிட்டது. மனோகரன் வந்ததும் இதையெல்லாம் எப்படிச் சொல்லுவது என்று நினைத்துப் பார்க்கிறேன். உங்கள் அம்மா தைசோ செய்தார் என்றால் நம்பவே மாட்டார்.

ஆகஸ்ட் 17

சயாமுக்குப் போன கூட்டத்திலிருந்து வேலு மட்டும் திரும்பியிருக்கிறான். எலும்பும் தோலுமாக எங்கள் வாசலில் வந்து உட்கார்ந்தான்.

"ஆத்தா, மழைக்காலத்துல வாந்தி பேதி வந்துச்சு. மனோகரன் ரெண்டு நாளுதான் கெடந்தான். நான் பக்கத்துலயே இருந்தேன். தண்ணி குடுத்தேன்."

போன வருடத்து மழைக்காலம். நான் இங்கே கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றபோதே அவர் இல்லை.

ஆகஸ்ட் 18

நெஞ்சு ஓடும் என்று பயந்தேன். ஓடவில்லை. கனத்துப்போய்க் கிடக்கிறது. அத்தை அழாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மார்பில் கை வைத்துப் பார்த்தேன். கல் என்றாரே. என் உள்ளங்கைக்குக் கீழே அது கிடந்து துடித்தது.

அக்டோபர் 1

பத்து பாகாட்டிலிருந்து அண்ணன் ஜெயபாலன் வந்திருக்கிறான். கல்யாணத்தோடு என்னை வேண்டாம் என்றவர்கள் இப்போது அழைக்கிறார்கள். "அப்பா மனசு மாறிட்டாரும்மா. நீ இங்க யாருக்காக இருக்கணும்?"

அத்தைதான் என் துணிகளை மடித்து மூட்டை கட்டினார். "போ ராணி. உனக்கு வயசு இருக்கு. உன் வீட்டு ஆளுங்க இருக்காங்க. எனக்கு என்ன, வேலை இருக்கு."

மூட்டையை வாங்கிக் கதவோரம் வைத்தேன்.

அக்டோபர் 2

விடியற்காலையில் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு அண்ணனோடு மேட்டிலிருந்து இறங்கிப் பெரிய சாலைக்கு நடந்தேன். பத்து பாகாட் வழியில் குளுவாங் வரை போகும், கரியில் ஓடும் லாரி புகையைக் கக்கிக்கொண்டு வந்து நின்றது. அண்ணன் ஏறிக்கொண்டு கையை நீட்டினான்.

"நீங்க போங்கண்ணே" என்றேன். "அப்பாவக் கேட்டதாச் சொல்லுங்க."

திரும்பி வந்தேன். லயத்து வாசலுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, மூட்டையோடு மேடு முழுவதையும் எங்கேயும் நிற்காமல் ஏறியிருக்கிறேன் என்று.

அத்தை ஒரு ஆளுக்குக் கஞ்சி வைத்துவிட்டு அடுப்புக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்து பார்த்தார். பானையில் இன்னொரு செம்பு தண்ணீர் ஊற்றினார்.