இருபத்திரண்டு வீட்டிலும் ‘இல்லை’

புதூர்நாடு,
தை 9.

அன்புப் பேத்தி இளவரசிக்கு உன் ஆயா எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அப்பா தேவராஜ், உன் அம்மா, கறவை மாடு, அதன் கன்று எல்லாரும் சௌக்கியம், டெல்லிக் குளிரில் உன் மூக்கு சௌக்கியமா என்று முதலில் எழுது, மற்றதெல்லாம் பிறகு. பொங்கலுக்கு நீ வராததால் உன் பங்குக் கரும்பையும் நானே கடித்தேன், இப்போது ஒரு பல் ஆடுகிறது, அதற்கு நீதான் காரணம். ஃபோனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். ஃபோனில் நீ குறுக்கே குறுக்கே பேசுகிறாய், சட்டம் படிக்கிற பிள்ளைகள் எல்லாரும் அப்படித்தானோ என்னவோ. கடிதம் என்றால் நான் முடிக்கிறவரை நீ வாயைத் திறக்க முடியாது. இதோடு வேறு தாள்களும் கட்டி வைத்திருக்கிறேன், அந்தக் கட்டைப் பிரிக்காதே, முதலில் இதைப் படி.

போன மாதம் நீ இருபத்திரண்டு தாள் அனுப்பினாய் அல்லவா, வெளியூர் ஆட்கள் கேட்டால் நம் சனம் வாய் திறக்காது, நீ கேட்டால்தான் சொல்வார்கள் ஆயா என்று. அஞ்சாவதோடு நின்றவளை ஆராய்ச்சி செய்யச் சொன்னாயே, அந்தப் பெருமையில் நல்ல புடவை கட்டி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். முதல் வீடு பக்கத்து வீட்டு நீலாவதி. உம் பேத்தி டெல்லில இன்னா வேல பண்றா என்று கேட்டாள். வேலை இல்லை, இன்டர்ன்ஷிப், சட்டம் போடுகிறவர்களுக்கு எந்த ஊரில் என்ன நடக்கிறது என்று விசாரித்து எழுதிக் கொடுப்பது என்றேன். அதுக்கா டெல்லி வரிக்கும் போவணும், நீ நாப்பது வருசமா இங்கியே அத்தத்தானே பண்ணிக்கினு கீற என்றாள். அவளுக்கு முடி கொட்டிவிட்டது, வாய் மட்டும் அப்படியே இருக்கிறது. பிறகு உன் கேள்வியை எழுத்துக்கூட்டிப் படித்தேன், கடந்த ஓராண்டில் உங்கள் வீட்டார் காட்டிலிருந்து என்னென்ன எடுத்து வந்தீர்கள், எவ்வளவு. ஒண்ணும் இல்ல என்றாள். அடுத்தது திரௌபதி வீடு, அங்கேயும் இல்லை. இப்படியே இருபத்தோரு வீடு, கடைசியாக நம் வீடு, இருபத்திரண்டிலும் இல்லை. நானும் கோணாமல் இருபத்திரண்டு இல்லை எழுதினேன், உன் அப்பா டவர் நன்றாகக் கிடைக்கிற ரோட்டு வளைவுக்குப் போய் எல்லாவற்றையும் படம் பிடித்து உனக்கு அனுப்பினான். வேலை சுத்தமாக முடிந்தது என்று இரண்டு நாள் காலை நீட்டிப் படுத்திருந்தேன்.

மூன்றாம் நாள் நீ ஃபோனில் அழுதாய். நம் ஊரையும் சேர்க்க வேண்டும் என்று நீதான் அடம்பிடித்தாயாம், இந்தத் தாள்களைப் பார்த்து உன் மேடம், இந்த ஊர்க்காரர்கள் காட்டுப் பக்கமே போவதில்லையே, பட்டியலிலிருந்து எடுத்துவிடு என்று சொல்லிவிட்டார்களாம். எடுத்துவிட்டால் எந்தெந்த ஊர் காட்டை நம்பிப் பிழைக்கிறது என்று அரசாங்கத்துக்குப் போகிற அறிக்கையில் நம் ஊர்ப் பேரே இருக்காது, நாளைக்கு உரிமை என்று பேச்சு வந்தால் உங்களுக்கு எதற்கு என்பார்கள், மாதக் கடைசிக்குள் சரியான தாள் வந்தால்தான் உண்டு என்றாய். ஆயா, நெசமாவே யாரும் போறதில்லையா என்று கேட்டாய். நான் டவர் போச்சு டவர் போச்சு என்று வைத்துவிட்டேன். டவர் எங்கேயும் போகவில்லை கண்ணு, நான்தான் போய்விட்டேன்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். உன் தாத்தாவைக் கட்டிக்கொண்டு நான் இந்த வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் என் மாமியார் சொல்லிக் கொடுத்த பாடம் களி கிண்டுவது இல்லை. பேனாவும் தாளும் வைத்துக்கொண்டு யார் எதைக் கேட்டாலும், நாங்க காட்டுப் பக்கமே போறதில்லீங்க என்று சொல்ல வேண்டும், முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும், சிரிக்கக் கூடாது. என்னைச் சொல்லச் சொல்லிப் பார்த்து, சிரித்ததற்குத் தலையில் குட்டினாள். அந்தக் காலத்தில் ஒரு கூடைக் கடுக்காய்க்காகக் கூடையையும் கத்தியையும் பிடுங்கிக்கொண்டு வெயிலில் உட்கார வைத்த ஃபாரஸ்டுக்காரர்கள் உண்டு, திரௌபதியின் மாமியார் அப்படி ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தவள். அந்தப் பாடத்தை நான் உன் அம்மாவுக்குச் சொன்னேன், அவள் உனக்குச் சொல்லியிருப்பாள், நீதான் ஆறாம் வகுப்பிலேயே ஹாஸ்டலுக்குப் போய்விட்டாயே, அதனால்தான் விவரம் தெரியாமல் பேனாவையும் தாளையும் கொடுத்து என்னை அனுப்பினாய். மற்றவர்களை விடு, என் கூத்தைக் கேள். வாசல் முழுக்கக் கடுக்காய் காய்கிறது, கோழி விரட்ட ஒரு கையில் குச்சி, இன்னொரு கையில் என் பேத்தி அனுப்பிய தாள், அதில் காட்டிலிருந்து ஒன்றும் எடுக்கவில்லை என்று நானே எழுதினேன். கை அதுபாட்டுக்கு எழுதிவிட்டது.

நீ அழுத மறுநாள் தாளும் பேனாவும் இல்லாமல் வெறுங்கையை வீசிக்கொண்டு திரௌபதி வீட்டுக்குப் போனேன். காட்டில் காய் கனி பொறுக்க நமக்குச் சட்டத்திலேயே உரிமை இருக்கிறது என்று நீ சொன்னதைச் சொன்னேன், நல்லாத் தலையை ஆட்டினாள், ஒரு சொல்லும் நம்பவில்லை. சரி என்று வேறு பக்கமாகப் போனேன். உனக்கு முட்டி வலியாமே, மேல்காட்டுக்கு ஏற முடியலையாமே, நீலாவதி சொல்லி வருத்தப்பட்டாள் என்றேன். சாமி சத்தியமாக நீலாவதி அப்படி ஒன்றும் சொல்லவில்லை. எனக்கா முட்டி வலி, அவ மூட்டைய இறக்கி வெச்சிட்டு மூச்சு வாங்கறதுக்குள்ள நான் ரெண்டு நடை போய்ட்டு வந்துடுவேன் என்று ஆரம்பித்தாள் பார், கடுக்காய், நெல்லி, சீகைக்காய், தேன், துடைப்பப்புல் என்று அடுக்கினாள். அவள் சொன்ன கணக்குப்படி இந்த மலையில் மற்ற இருபத்தோரு வீட்டுக்கு ஒரு காய்கூட மிச்சம் இருந்திருக்காது. முதலில் சொன்னதும் பொய், இதுவும் பொய், இதை எழுதினால் உன் மேடம் உன்னை ரயிலேற்றி அனுப்பிவிடுவார்கள்.

அப்புறம்தான் எனக்குப் புத்தி வந்தது. அவளவள் வீட்டைப் பற்றிக் கேட்டால்தானே பொய், அடுத்த வீட்டைப் பற்றிக் கேட்டால்? நீலாவதியிடம் திரௌபதி எவ்வளவு கொண்டுவந்தாள் என்று கேட்டேன், மூட்டைக் கணக்கு, கிழமை, கூட யார் போனது, எதில் பாதி சொத்தை என்பதுவரை சொன்னாள். அதையே திரௌபதிக்கு அடுத்த வீட்டில் கேட்டேன், அதே கணக்கு, சொத்தைகூட மாறவில்லை. இரண்டு வீட்டுப் பேச்சு ஒத்துப்போனால் வீட்டுக்கு வந்து புதுத் தாளில் எழுதினேன், ஒத்துப்போகாவிட்டால் மூன்றாவது வீட்டில் போய்க் கேட்டேன். நான்கு நாளில் இருபத்தோரு வீடும் முடிந்தது. நம் வீட்டுக் கணக்கை நீலாவதி சொன்னாள், உனக்கென்று அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்த இரண்டு பாட்டில் தேன்வரை அவளுக்குத் தெரிந்திருக்கிறது, பார்த்துக்கொள்.

ஆனால் ஐந்தாம் நாள் ரேஷன் கடையில் ஒருத்திக்கொருத்தி பேசிப் பார்த்திருக்கிறார்கள், மாட்டிக்கொண்டேன். மொத்தமாக நம் வாசலுக்கு வந்துவிட்டார்கள். திரௌபதிதான் முன்னால் நின்றாள். இன்னாக்கா, பேத்திய வக்கீலுக்குப் படிக்க வெச்சது எங்களப் புடிச்சிக் குடுக்கத்தானா என்று கேட்டாள். அவள் மாமியார் வெயிலில் உட்கார்ந்ததை நினைத்து எனக்குச் சிரிப்பு வரவில்லை. தாள்களை எடுத்துக் காட்டினேன், பார், எதிலும் பேர் இல்லை, என் பேத்தி பேர் கேட்கவே கூடாது என்று சொல்லியிருக்கிறாள், பேரே போட்டாலும் ஒன்றும் ஆகாது, சட்டம் நம் பக்கம் என்றேன். உடனே நீலாவதி, ஒண்ணும் ஆவாதுன்னா மொதல்ல உம் பேரப் போடுக்கா, நாங்க பாக்கறோம் என்றாள். இருபத்தோரு வீட்டு வாயைக் கிளறியவள் அப்போது பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினேன். உன் அம்மா உள்ளேயிருந்து வேண்டாம் என்று சைகை காட்டுகிறாள், உன் அப்பா கன்றுக்குட்டியைப் பார்க்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். இத்தனை வருஷமாக இல்லை இல்லை என்று சொன்னவள்தான் கண்ணு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுதிவிட்டேன். சின்னக்குழந்தை, வயது அறுபத்தெட்டு, கடுக்காய் பதினோரு மூட்டை, நெல்லி நான்கு, சீகைக்காய் இரண்டு, தேன், கீழே கையெழுத்து. பிறகு திரௌபதி அவள் வீட்டுத் தாள் எது என்று கேட்டு வாங்கிப் பார்த்து, எனக்கு ஒம்போது மூட்டை, எவ எட்டுன்னு சொன்னது, மாத்து என்றாள். அதற்கப்புறம் எல்லாரும் உட்கார்ந்து அவரவர் கணக்கை அவரவர் வாயால் சரிபார்த்து, அனுப்பிக்கோ என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்தார்கள், பேர் மட்டும் தரவில்லை. அடுத்த தை வரைக்கும் என்னைப் பார்ப்பார்களாம், எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் அவர்களும் தருவார்களாம்.

அதனால் உன் மேடத்திடம் கேட்டு, விதி இடம் கொடுத்தால் என் பேரை அறிக்கையில் போடு, சம்மதம் என்று தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். முதலில் வந்த இருபத்திரண்டு இல்லையையும் ஒளிக்காதே, இவர்கள் ஏன் இப்படிச் சொன்னார்கள் என்று அதையும் சேர்த்து எழுது, நீயே கண்டுபிடித்ததாகப் போட்டுக்கொள், நான் பங்குக்கு வர மாட்டேன். இதை உன் அப்பா நாளைக்கு ஜீப்பில் திருப்பத்தூர் போய் ஸ்பீடு போஸ்டில் போடுவான், கிடைத்ததும் ஃபோன் பண்ணு. ரொட்டியையே தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே, எங்கேயாவது சோறு கிடைக்கும், விசாரி, விசாரிக்கத்தானே போயிருக்கிறாய். தலைக்குக் குளித்தால் ஈரத்தோடு வெளியே போகாதே. நம் சாமி வேடியப்பன் உனக்குத் துணையிருப்பான், நீ நல்லா இருப்பாய், நாலு பேர் எழுந்து நின்று கேட்கிற மாதிரி பேசுவாய்.

படிப்பு முடிய இன்னும் ஒன்றரை வருஷம் என்கிறாய். ஒன்று மட்டும் மறக்காதே, ஒரு பரீட்சையிலும் தோற்றுத் தங்கிவிடாதே. ஊரே என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, நடுவில் யாராவது வந்து என்னைக் கேட்டால், என் வக்கீல் படித்துக்கொண்டிருக்கிறாள், முடித்ததும் வாருங்கள் என்று உட்கார வைத்து மோர் கொடுத்து அனுப்புகிறேன். ஒன்றரை வருஷத்துக்கு மேல் என்னால் மோர் ஊற்ற முடியாது.

இப்படிக்கு,
காட்டுக்குப் போகிற உன் ஆயா,
சின்னக்குழந்தை