வாடிய மூன்று பாத்திகள்

மார்ச் 4
தக்காளி வாடல் நோயைத் தடுக்கும் எங்கள் பாக்டீரியாவைப் பற்றிய அறிக்கையை இன்று ஒப்படைத்தேன். பன்னிரண்டு பாத்திகளில் மூன்று வாடிப்போயின. அந்த மூன்றையும் ‘நீர் தேங்கியதால் நீக்கப்பட்டவை’ என்று எழுதினேன். நீர் தேங்கவே இல்லை. ஆய்வகத் தலைவர் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

மார்ச் 5
யாரும் எதுவும் கேட்கவில்லை.

மார்ச் 27
அக்கா ஆய்வகத்துக்கே வந்துவிட்டாள். தன் தோட்டத்துத் தக்காளி நாற்றுகளின் வேரை நனைத்து நட எங்கள் பாக்டீரியாக் கரைசல் வேண்டுமாம். மண்ணைச் சோதிக்காமல் தரக்கூடாது. ஆனால் ‘என் தம்பி கண்டுபிடிச்சது’ என்று வாசற்காவலரிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு கேன் கொடுத்தனுப்பினேன்.

மே 9
அத்தான் கூப்பிட்டதால் போனேன். பாதித் தோட்டம் தலை தொங்கி நிற்கிறது. ஒரு தண்டை வெட்டி டம்ளர் தண்ணீரில் பிடித்தேன். வெள்ளை நூலாகக் கசிந்தது. வாடல் நோயேதான்.

“நான்தான் கலக்கறப்ப ஏதோ தப்புப் பண்ணிட்டேன் போல,” என்றாள் அக்கா. “உன் பேரைக் கெடுத்துட்டேன்டா.”

அவள் போட்டதைச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

மே 10
சீ.

மே 12
தலைவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, அந்த மூன்று பாத்திகளின் மண்ணை எடுத்து வைத்திருக்கிறாயா என்று மட்டும் கேட்டார். இல்லை. அப்போதே கொட்டிவிட்டேன். அறிக்கையைத் திரும்பப் பெறுகிறோம். திட்டம் இனி என் கையில் இல்லை. மண் சலிப்பது, சட்டி கழுவுவது, அவ்வளவுதான்.

மே 13
அக்காவிடமும் சொன்னேன்.

“நாலு நாளா என்னையே திட்டிக்கிட்டிருந்தேன்,” என்றாள். “அதைக் கேட்டுக்கிட்டுதானே உட்கார்ந்து சாப்பிட்டே?”

அத்தான் எழுந்து வெளியே போய்விட்டார்.

ஆகஸ்ட் 2
அக்கா தோட்டத்து மண்ணைப் பத்துச் சட்டிகளில் நிரப்பி, நாற்று நட்டுச் செய்த சோதனை முடிந்தது. அமிலத்தன்மை அதிகம்; எங்கள் பாக்டீரியா அதில் பத்து நாள்கூடத் தாங்குவதில்லை. மே 13-க்குப் பிறகு நான் கூப்பிட்டால் அக்கா போனை எடுப்பதே இல்லை. இன்று முடிவு கேட்க ஆய்வக எண்ணுக்குக் கூப்பிட்டாள். எடுத்தது நான் என்று தெரிந்தும் வைக்கவில்லை.

“பத்துச் சட்டியில எத்தனை போச்சு?”

“எட்டுக்கா.”

எழுதிக்கொள்கிற சத்தம். “மத்த ரெண்டும் எப்படிப் பிழைச்சுது?”

“தெரியலைக்கா.”

“சரி, தெரிஞ்சா சொல்லு,” என்றாள். “உன் போன்லேருந்தே கூப்பிடு.”