ஜெர்மேனியக் காப்பு

தம்பி,

இன்று காலை உன் வீட்டுக்காரி உன் காப்பைக் கைக்குட்டையில் சுற்றி என்னிடம் கொடுத்தாள். "நீங்க மந்திரிச்சுக் குடுத்தது. கடைசி வரைக்கும் அவரு கழட்டல. நீங்களே வச்சுக்கங்க மதினி." உள்பக்கம் பதித்திருக்கும் சாம்பல் நிறப் பொட்டுகள் இன்னும் மினுங்குகின்றன.

இதை விலைகொடுத்து வாங்கிய புதிதில், சர்ச்சில் பூசை முடிந்து வரும் பெண்களையெல்லாம் நிறுத்தி, சர்க்கரை, மூட்டுவலி எல்லாம் இதில் ஓடிப்போகும் என்று வாய் ஓயாமல் பேசினேன். நீதான் சிரித்தாய்.

"அக்கா, இது ஜெர்மேனியம். கரண்ட்டக் கொஞ்சம் விடும், கொஞ்சம் தடுக்கும். அந்தக் காலத்து ரேடியோவுல கெடந்துச்சு. இப்ப நான் ஊரூரா இழுக்குற இன்டர்நெட் கேபிள்ல, கண்ணாடி இழைக்குள்ள கலந்திருக்கு. வெளிச்சம் ஓரத்துல தப்பிச்சு ஓடாமப் பாத்துக்கிரும். அம்புட்டுத்தேன். கீழ போட்டா ஒடஞ்சிரும். அது எப்படி என் சக்கரையப் பிடிக்கும்?"

"நாலெழுத்துப் படிச்சுட்டா அக்கா முட்டாளாக்கும்!"

"முட்டாள்னு சொல்லலக்கா. ஏமாந்துட்டன்னு சொல்றேன்."

எனக்கு ரோசம் வந்துவிட்டது. மறுவாரம் ஜெபமாலைகளுக்கு நடுவே இந்தக் காப்பையும் வைத்து, என்ன ஏதென்று சொல்லாமல் சாமியாரிடம் நீட்டி மந்திரித்து வாங்கிவந்தேன். ஜெர்மேனியத்தைக் கேலி செய்வாய், மந்திரித்ததைக் கேலி செய்யமாட்டாய் என்று எனக்குத் தெரியும். கையை நீட்டினாய். அதோடு விட்டேனா? "சக்கரைக்கு ஊசியும் போட்டுக்கிட்டு இதையும் போட்டா, சாமி மேல நம்பிக்கை இல்லன்னுதான அர்த்தம்?" என்றேன்.

ஊசியை நிறுத்தினாய். கொடைரோட்டில் கேபிள் இழுக்கப் போனபோது காலில் முள் குத்தியது. புண் ஆறவே இல்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர், "யாருய்யா ஊசிய நிறுத்தச் சொன்னது?" என்று கத்தினார். கட்டில் ஓரத்தில்தான் நின்றேன். என் பக்கம் திரும்பாமலே, "நானாத்தேன் சார் நிறுத்துனேன்" என்றாய். ஊரெல்லாம் பேசுகிற என் வாய் அன்று திறக்கவில்லை. மூன்றாம் நாள் நீ போய்விட்டாய்.

பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிவிட்டேன். ஆண்டவர் மன்னித்திருப்பார். ஆனால் உன் வீட்டுக்காரி வருவோர் போவோரிடமெல்லாம், "டாக்டர் பேச்சக் கேக்காத பிடிவாதக்கார மனுசன்" என்று உன்னைத்தான் திட்டி அழுகிறாள். அந்தப் பழி உன்மேல் கிடக்கிறவரை எனக்கு ஜெபத்தில் மனம் நிற்கவில்லை.

இன்று காப்பை வாங்கிய கையோடு அவளிடம் சொல்லிவிட்டேன், தம்பி. ஊசியை நிறுத்தச் சொன்னது நான்தான் என்று. "போங்க மதினி" என்றாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

வாசலில் செருப்பை மாட்டும்போது உள்ளே அவள் குரல் கேட்டது. உன் படத்தின் முன்னால் நின்றிருப்பாள். "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல... ஒங்களப் போயி இம்புட்டு நாளா வஞ்சுக்கிட்டு இருந்தேனே..."

அந்தக் கதவு எனக்கு இனித் திறக்குமா, தெரியவில்லை. திறக்காவிட்டாலும் நியாயம்தான். உன்னை அவள் இனித் திட்டமாட்டாள்.