தம்பியும் வெறும் வயிறும்

ஐப்பசி 14, செவ்வாய்

வருடந்தோறும் பெரம்பலூரில் உடம்பைப் பரிசோதித்துக்கொள்வது என் வழக்கம். இந்த முறை ரத்தத்தில் கொழுப்பு மிக அதிகம். அப்பா ஐம்பது தாண்டுவதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வயலில் விழுந்து இறந்ததையும், எனக்கு ஒரு தம்பி இருப்பதையும் சொன்னேன்.

"இது குடும்பத்துல வர்றது சார். உங்களுக்கு மாத்திரையில அடங்கிடும். தம்பியையும் உடனே பாத்துக்கச் சொல்லுங்க" என்றார் டாக்டர்.

கிணற்றோடு சேர்ந்த அப்பாவின் நிலம் முழுவதையும் தன் பெயருக்கு எழுதிக்கொண்டவன் தம்பி. அன்றோடு பேச்சு நின்றது. இப்போது அவனுக்கு அப்பா விழுந்த அதே வயது.

மாலையில் வேப்பந்தட்டைக்குப் பஸ் ஏறினேன். அவன் வீட்டு வாசலில் நின்றபடியே விஷயத்தைச் சொன்னேன்.

"நெலத்துல பங்கு கேட்ட, குடுக்கல. இப்ப நோயில எனக்குப் பங்கு குடுக்க வந்துட்டியா? நாலு ஆளு வேலைய ஒத்தையா பாக்குறேன். எனக்கு என்ன கேடு?"

"அப்பாவும் அன்னிக்கு வேல பாத்துக்கிட்டுத்தான் இருந்தாரு."

அவன் மனைவி, "உள்ள வாங்க மாமா, காப்பி போடறேன்" என்றாள். அவன் கூப்பிடவில்லை. நான் திரும்பி நடந்தேன்.

தெருமுனையில் பின்னாலிருந்து அவன் குரல் கேட்டது. "வெறும் வயித்தோட வரணுமா?"

"ஆமா. தண்ணி மட்டும் குடிக்கலாம். காலைல பெரம்பலூர் ஆஸ்பத்திரியில நான் இருப்பேன்."

நிலத்தை அவன் எடுத்துக்கொண்டதை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கவும் மாட்டேன். ஆனால் அவன் சிறு வயதிலிருந்தே பசி பொறுக்காதவன். பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்த கையோடு அவனை ஓட்டலுக்குக் கூட்டிப்போக வேண்டும். ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து என்ன பேசுவது என்றுதான் தெரியவில்லை.