கணேசபாண்டியனின் வாழைத்தோட்டம்

8-6-66

ரூபாயின் மதிப்பை இறக்கிவிட்டார்கள் என்று ரேடியோவில் சொன்னதிலிருந்து, பம்பாய் செம்பூரில் எங்கள் மின்விசிறிக் கம்பெனி கலங்கிக் கிடக்கிறது. வெளிநாட்டுத் தாமிரக் கம்பி ஒரேயடியாக விலை ஏறிவிட்டதாம். நான் கலங்கவில்லை. டைரக்டர் நாணு சார் காரை ஓட்டுகிறவன் எதற்குக் கலங்க வேண்டும்? கிங்ஸ் சர்க்கிளில் வண்டி நின்றபோது, "என்ன செய்யலாம் பூலோகம்?" என்று என்னையே கேட்டார். உண்மையில் மணி என்ன என்றுதான் கேட்டார். ஆனாலும் முகம் அதைத்தான் கேட்டது.

11-6-66

இன்று தொழிற்சாலை முற்றத்தில் இரண்டு பேச்சு. முதலில் மேனேஜர் கிட்டு சார். ஒரு மரப்பெட்டி மேல் ஏறி நின்று, "ஆர்டர் பாதியாயிடுத்து. ஆறு மாசம் கஷ்டமா இருக்கும். ஒளிச்சு வைக்க ஒண்ணுமில்லை" என்றார். இப்படியா பேசுவது? ஒரு கம்பீரம் வேண்டாமா? பிறகு நாணு சார் ஜிலேபியோடு வந்தார். "ஒருத்தன் வேலையும் போகாது, நானிருக்கேன்!" ஜனம் கை தட்டியது. நான்தான் முதலில் தட்டினேன்.

கிட்டு சார் தன் சொந்தக் காரை விற்கப் போகிறாராம், பஸ்ஸில் வரப் போகிறாராம். பரிதாபம்.

20-6-66

இன்று போல் ஒரு நாள் வராது! மாஹிம் தாண்டியதும் நாணு சார், "தாராவியிலேர்ந்து உன்னால வேலைக்கு வந்தவா எத்தனை பேர்?" என்றார். பதினொன்று என்றேன். (ஏழுதான்.) "எல்லாரும் ரொம்ப ஏழையோ?" என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நான் கொண்டுவந்த ஆட்கள் பஞ்சப் பரதேசிகளா? என் அக்கா மகள் செண்பகவல்லியின் புருஷன் கணேசபாண்டியனுக்கு ஊரில் மூன்று ஏக்கர் வாழைத்தோட்டம், கிணறு, பம்பு செட் என்றேன். இன்னும் மூன்று பேருக்கும் ஆளுக்கொரு வயல் கொடுத்தேன். சார் டைரியில் எழுதிக்கொண்டார். நான் சொல்வதைக்கூட ஒரு டைரக்டர் எழுதுகிறார்!

2-7-66

நாலு பேருக்கு நோட்டீஸ். அதில் கணேசபாண்டியன்.

3-7-66

ஞாயிறு. செண்பகவல்லி வந்தாள். ஏழு மாத வயிறு. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. ஊரில் நிலம் உள்ளவர்களைத்தான் முதலில் நிறுத்துகிறோம் என்று ஆபீஸ் கிளார்க் கணேசபாண்டியனிடம் சொல்லியிருக்கிறார்.

"மாமா, எங்க வாழத்தோட்டம் எந்தப் பக்கம் இருக்கு? பெறதுக்கு முன்னால நானும் ஒரு தடவ பாத்துக்கிடுதேன்."

வேறு ஒன்றும் கேட்கவில்லை. நான் சும்மா இருந்திருக்கலாம். "கவலப்படாத, நாளைக்கே பேசி முடிச்சிருதேன்" என்றேன். அப்போதும் வாய் அடங்கவில்லை. என்ன பிறவி நான்?

5-7-66

நேற்றுச் சொல்ல நினைத்தேன், தைரியமில்லை. இன்று காரில் மெதுவாக ஆரம்பித்தேன்: "சார், அந்தத் தோட்டம்…" நாணு சார் சிரித்தார். "நீ சொன்னதனாலதான் எனக்கு மனசு சமாதானமாச்சு. தோட்டம் இருக்கறவன் பொழைச்சுப்பான், இல்லையா?" ஆமாம் சார் என்றேன். ஆமாம் என்றேனே!

6-7-66

கிட்டு சார் அறைக்குப் போனேன். இரண்டு வருஷத்தில் இதுதான் முதல் தடவை. தோட்டம் பொய், கிணறு பொய், பம்பு செட் பொய் என்று சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எங்கிட்ட மட்டும் சொன்னா போறாது. அந்த நாலு பேர் முன்னாடி சொல்லுங்கோ. ஒரு காகிதத்துல எழுதியும் குடுங்கோ." எனக்கு 'ங்கோ' போட்ட முதல் ஆபீசர்.

9-7-66

சொன்னேன். அதே மரப்பெட்டியின் பக்கத்தில். ஏறவில்லை. "அவனுக்கு ஒரு சென்ட் நிலம் கெடையாது. நான்தான் பெருமைக்குச் சொன்னேன்." கணேசபாண்டியன் தரையையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்த நாலு பேரில் பெயின்ட் அடிக்கும் பிரம்மநாயகம் மட்டும், "அண்ணாச்சி, எனக்கொரு தென்னந்தோப்பு சொல்லியிருக்கலாம்லா வே!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன்.

22-7-66

கிட்டு சார் என் காகிதத்தையும் எடுத்துக்கொண்டு முதலாளிகள் கூட்டத்துக்குப் போனார். முடிவு இதுதான்: யாரையும் நிறுத்துவதில்லை, எல்லோருக்கும் வாரத்தில் நாலு நாள் வேலை, ஆபீசர்களுக்குச் சம்பளம் பாதி, கம்பெனி கார் விற்பனைக்கு. கார் போனால் டிரைவர் எதற்கு? என்னைப் பேக்கிங்கில் போட்டார்கள்.

12-9-66

செண்பகவல்லிக்குப் பெண் குழந்தை. பெயர் வைத்து நாலு நாளாகிறதாம். பிரம்மநாயகம்தான் சொன்னான். எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. கணேசபாண்டியன் பக்கத்து வரிசையில்தான் விசிறி இறக்கை மாட்டுகிறான். நான் அட்டைப்பெட்டி கட்டுகிறேன். பேசுவதில்லை.

நாணு சார் டாக்சியில் வருகிறார். இப்போதும் எல்லோருக்கும் கை காட்டுகிறார்.

சாயங்காலம் பஸ்ஸில் கூட்டம். கிட்டு சாரும் ஏறினார். கிங்ஸ் சர்க்கிள் வரை இரண்டு பேரும் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அவர் என் தோளில் கை போட்டார் என்று எழுதப் போனேன். போடவில்லை.