ஆமை வாதம்

இன்று காலை கஞ்சிக்கோடு பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் நீ மூட்டுக்குப் பூசிவந்த அதே தைல வாசம். உன் நினைப்பு வந்து, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

குழாய் கம்பெனியில் நம் இருவருக்கும் ஆறு மணி ஷிஃப்ட். ஐந்தேகாலுக்கு ஸ்கூட்டரோடு வந்தால், உன் வீட்டுக்காரம்மா உனக்குச் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருப்பார். உன்னைக் கைத்தாங்கலாகப் பின்சீட்டில் ஏற்றுவேன். எட்டு மணிக்கு மேல்தான் உன் விரல்கள் மடங்கும். அதுவரை மிஷின் லிவரை உள்ளங்கையால் தள்ளியே ஒப்பேற்றுவாய்.

மலையாள டாக்டர் உன் மூட்டு வீக்கத்தை ஆமவாதம் என்றதை நீ ஆமை என்று கேட்டுக்கொண்டு வந்தாய்.

"ஆமை வாதமாமாடா. பொம்பளைங்களுக்குத்தா ஜாஸ்தி வருமாமா, எனக்கு வந்து தொலைச்சிருக்குது. மருந்து கேக்க மூணு மாசம் ஆகுமாமா. அதுவரைக்கும் ஒருத்தருகிட்டயும் சொல்லிப்போடாத. மிஷினுல இருந்து எறக்கிப்போடுவாங்க."

மாத்திரைக்கு ஆகாதென்று கள்ளுக்கடையை விட்டாய். கேட்டவர்களிடம் சபரிமலைக்கு மாலை போடப் போவதாகச் சொன்னாய். சித்திரை மாதத்தில் என்னடா மாலை என்று கேன்டீனே சிரித்தது. பொண்டாட்டிக்குப் பயந்தவன் என்றார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. "அவனுக்கு ஆமை வாதம்டா, சும்மா இருங்க" என்று கத்திவிட்டேன்.

ஒரே வாரத்தில் எல்லோர் வாயிலும் நீ ஆமை ஆனாய். அடுத்த வாரம் சூப்பர்வைசர் உன்னை மிஷினிலிருந்து எடுத்து, கேட்டில் லாரி நம்பர் எழுத உட்கார வைத்தார். மூன்றாம் மாதம் மருந்து கேட்டது. சட்டைப் பொத்தானை நீயே போட்டுக்கொண்டு சிரித்தபடி வந்தாய். ஆனால் மிஷினில் வேறு ஆள் பழகியிருந்தான். யார் சொன்னது என்று நீ என்னிடம் கேட்கவே இல்லை. உனக்குத் தெரியாதென்றே நானும் இருந்துவிட்டேன்.

போன தையில் நெஞ்சுவலியில் நீ போனாய். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தபோது உன் வீட்டுக்காரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அவருக்கு அன்னைக்கே தெரியுமுங்ணா," என்றார். "'கேட்டா அவன் வெக்கப்பட்டு வராம இருந்துக்குவான், அப்பறம் காத்தால என்னைய யாரு வண்டீல ஏத்தறது'ம்பாருங்க."

மருந்து கேட்ட பிறகும் மழைக்காலத்தில் உனக்கு முட்டி வீங்கும். தூக்கித்தான் ஏற்றுவேன். அப்படி ஆறு வருடம் என் முதுகுக்குப் பின்னால் ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்து வந்தாய். நான்தான்டா சொன்னேன் என்று ஒருநாள் திரும்பிச் சொல்லியிருக்கலாம். ரோட்டைப் பார்த்தே ஓட்டிக்கொண்டு போனேன்.